குறை சொல்லி விற்ற வண்டி

2000-ஆம் ஆண்டில் ராயல் என்ஃபீல்டை மூடிவிடலாமா, யாருக்காவது விற்றுவிடலாமா என்றுதான் அதன் உரிமையாளரான ஐஷர் நிறுவனத்தில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மாதம் 6,000 வண்டி செய்யும் வசதி இருந்தும் விற்றது 2,000-ஐ ஒட்டித்தான். அதே ஆண்டில், இந்தியாவில் எந்த மோட்டார் சைக்கிளுக்குப் பித்துப்பிடித்த ரசிகர்கள் அதிகம் என்று யாரைக் கேட்டிருந்தாலும் ராயல் என்ஃபீல்டின் 'புல்லட்' என்ற பதில்தான் வந்திருக்கும். ராணுவத்திலும் காவல்துறையிலும் ஓடிய வண்டி. பண்ணையாரோ இன்ஸ்பெக்டரோ அதில் ஏறி வந்தால் தெருவே திரும்பிப் பார்த்த வண்டி. ராஜஸ்தானில் ஜோத்பூர் – பாலி நெடுஞ்சாலையோரம், விபத்தில் இறந்துபோன ஒருவரின் புல்லட்டைக் கண்ணாடிக் கூண்டுக்குள் நிறுத்தி, மாலை போட்டுக் கும்பிடும் வழிபாட்டிடமே இருக்கிறது. கும்பிடும் அளவுக்கு நேசிக்கும் ஆட்கள் இருந்தும் ஒரு நிறுவனம் இழுத்து மூடும் நிலைக்கு எப்படி வந்தது? அடுத்த பதினைந்தே ஆண்டுகளில் அதே ரசிகர்களின் பேச்சு அதை எப்படித் தூக்கி நிறுத்தியது? சந்தைப்படுத்தல் பாடம் எடுப்பவர்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். முதல் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது.

வாங்கியவர் வாய்வழியாகப் பொருள் பரவும் என்பது இன்று கண்டுபிடித்த சங்கதி அல்ல. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வீரிய ஒட்டுச் சோள விதை எப்படிப் பரவியது என்று பிரைஸ் ரயன், நீல் கிராஸ் என்ற இரு சமூகவியலாளர்கள் 259 விவசாயிகளிடம் விசாரித்து 1943-இல் எழுதினார்கள். விதையைப் பற்றி முதலில் யார் சொன்னார் என்று கேட்டபோது பெரும்பாலோர் விற்பனையாளரைக் கைகாட்டினார்கள். விதைக்கலாம் என்று முடிவெடுக்க வைத்தது யார் என்றபோது பக்கத்து வயல்காரரைச் சொன்னார்கள். 1954-இல் 'ஃபார்ச்சூன்' இதழில் வில்லியம் ஒயிட் இன்னொரு கோணத்தைக் காட்டினார். ஃபிலடெல்ஃபியா நகரின் வரிசை வீடுகளில் ஜன்னல் ஏசிகள் ஒரே சீராகப் பரவியிருக்கவில்லை. கொத்துக் கொத்தாக இருந்தன. வருமானமும் வயதும் ஒன்றாக இருந்தும் ஒரு வரிசையில் பல வீடுகளில் ஏசி, அடுத்த வரிசையில் ஒன்றிரண்டு. எந்த வீட்டுக்காரர் எந்த வீட்டுக்காரரோடு நின்று பேசுகிறாரோ, அந்தப் பாதையில் ஏசி நகர்ந்திருந்தது. விளம்பரம் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும், நம்பிக்கை பக்கத்து வீட்டிலிருந்துதான் வரும் என்ற அளவில் இதில் சர்ச்சைக்கு இடமில்லை. எந்தப் பேச்சு விற்கும், எந்தப் பேச்சு வெறும் பேச்சாகவே நின்றுவிடும் என்பதில்தான் சர்ச்சையே இருக்கிறது.

1985-இல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தபோது, பெட்ரோலை ஊற்றிவிட்டு வண்டியையே மறந்துவிடுங்கள் என்பதாக விளம்பரம் செய்தார்கள். வாக்குத் தவறவில்லை. கோடிக்கணக்கான இந்தியர்கள் அந்த வகை வண்டியை வாங்கி, அலுவலகம் போய் வந்து, அதைப் பற்றி மறந்தே போனார்கள். மறந்துவிடக்கூடிய பொருளைப் பற்றி டீக்கடையில் பேச என்ன இருக்கிறது? லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதோடு பேச்சு தீர்ந்துவிடும். புல்லட்டை மறக்கவே முடியாது, அது விடாது. ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பார்த்து, டிகம்ப்ரஷன் நெம்புகோலைப் பிடித்து, பிஸ்டனைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து உதைக்க வேண்டும். தப்பினால் கிக்கர் திருப்பி உதைக்கும். கியர் வலப்பக்கம், பிரேக் இடப்பக்கம். வார்ப்பிரும்பு இன்ஜினிலிருந்து ஆயில் கசியும். கசியவில்லை என்றால் ஆயில் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம் என ரசிகர்களே கிண்டலடிப்பார்கள். இந்தக் குறைகள் ஒவ்வொன்றும் ஒரு பேச்சுப் பொருள். எந்த மெக்கானிக்கின் கை சுத்தம், டேப்பெட்டை எப்படி வைத்தால் சத்தம் நன்றாக வரும், மலையேறும்போது கையில் என்னென்ன உதிரிகள் இருக்க வேண்டும் என்று ஓர் உரிமையாளர் இன்னோர் உரிமையாளரைத் தேடிப் போயே ஆக வேண்டியிருந்தது. சென்னையின் மெட்ராஸ் புல்ஸ் போன்ற குழுக்கள் இப்படித் திரண்டவைதான். நிறுவனத்தின் சர்வீஸ் மையம் செய்யத் தவறிய வேலையை ரசிகர்கள் தங்கள் கைக்காசில் செய்துகொண்டிருந்தார்கள் என்று சொன்னாலும் தப்பில்லை.

இவ்வளவு பேச்சும் வண்டியை விற்கவில்லை என்பதைத்தான் 2000-ஆம் ஆண்டின் கணக்கு காட்டுகிறது. கேட்பவர் இடத்தில் நின்று யோசித்தால் காரணம் புரியும். மணிக்கணக்காக ஒருவர் தன் புல்லட்டின் பெருமையைச் சொல்கிறார். பஞ்சாபில் நின்றுபோனது, மெக்கானிக் வரும்வரை ரோட்டோரம் படுத்துத் தூங்கியது, தானே பிரித்துச் சேர்த்தது என்றெல்லாம் கண்கள் மின்னச் சொல்கிறார். கேட்கிறவருக்கு வண்டிமேல் மரியாதை வருகிறது, வாங்கும் துணிவு போய்விடுகிறது. திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போகிறவருக்கு அந்தக் கதைகள் எச்சரிக்கையாகத்தான் காதில் விழும். ரசிகனுக்குச் சுவையாக இருந்த அதே குறை வெளியாளுக்குத் தடுப்புச் சுவர். நேசம் இருந்தும் பிழைக்காத வண்டிகள் நம் கண்முன்னே உண்டு. மைசூரில் ஐடியல் ஜாவா ஆலை செய்த யெஸ்டியின்மேல் தென்னிந்தியாவில் கொஞ்ச நஞ்சமா பாசம்? ஆலை 1996-இல் மூடப்பட்டது. யமஹா ஆர்எக்ஸ் 100-இன் உற்பத்தியும் அதே காலத்தில் நின்றது. இன்றும் தமிழ்நாட்டில் பழைய ஆர்எக்ஸுக்கு ஆசைப்பட்டுச் சொன்ன விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்; அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட யமஹாவுக்குப் போவதில்லை. ரசிகர்களின் அன்பு ஒரு பொருளின் நினைவைக் காப்பாற்றும், ஆலையைக் காப்பாற்றாது.

26 வயதில் ராயல் என்ஃபீல்டின் பொறுப்பேற்ற சித்தார்த்த லால் செய்தது இங்கேதான் கவனிக்க வேண்டியதாகிறது. ஜெய்ப்பூரில் தொடங்கிய ஆலையை மூடினார். அடுத்த சில ஆண்டுகளில் ஐஷர் தன் தொழில்களில் பெரும்பாலானவற்றைக் கைகழுவியது. டிராக்டர் தொழில்கூட 2005-இல் சென்னையின் டாஃபே நிறுவனத்துக்குப் போனது. டிவிஎஸ், பஜாஜ் அனுபவம் உள்ள ஆர்.எல். ரவிச்சந்திரன் அதே ஆண்டில் ராயல் என்ஃபீல்டின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். நிறுவனத்தின் முன்னால் இரண்டு வகை ஆட்கள் இருந்தார்கள். புல்லட்டை அணுவணுவாக நேசித்தவர்கள் ஒரு வகை. அவர்களுக்கு எதையும் மாற்றக்கூடாது. கியரை இடப்பக்கம் மாற்றுவதும் பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்வதும் அவர்களைப் பொறுத்தவரை துரோகம். புல்லட் பிடிக்கும், ஆனால் வாங்க மாட்டேன் என்றவர்கள் மற்றொரு வகை. நிறுவனம் இரண்டாவது கூட்டத்துக்காக வண்டியைச் செய்தது. கியர் இடப்பக்கம் வந்தது, பட்டன் ஸ்டார்ட் வந்தது. இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் அடங்கிய புது இன்ஜின் 2008-இல் தண்டர்பேர்டு என்ற மாடலில் தொடங்கி மற்ற வண்டிகளுக்கும் பரவியது. மாசு விதிகளும் நெருக்கியதால் 2010-ஐ ஒட்டி வார்ப்பிரும்பு இன்ஜின் விடைபெற்றது. 'டுப் டுப்' சத்தம் செத்துவிட்டது என்று பழைய ரசிகர்கள் புலம்பியது உண்மை. ஆனால் 2009-இல் வந்த கிளாசிக், பார்வைக்கு 1950-களின் வண்டியாகவே இருந்தது. நீண்ட ஸ்ட்ரோக் கொண்ட ஒற்றை சிலிண்டரும் கனமும் நிதானமும் அப்படியே நின்றன.

இந்த இடத்தில் கோகோ கோலா நினைவுக்கு வருபவர்கள் உண்டு. 1985 ஏப்ரலில் அந்த நிறுவனம் கிட்டத்தட்ட இரண்டு லட்சம் பேரைச் சுவைக்க வைத்துப் பார்த்து, பானத்தின் சுவையையே மாற்றியது. ரசிகர்கள் கொதித்தார்கள், ஜூலையில் பழைய சுவை திரும்பி வந்தது. ரசிகனை மீறினால் இதுதான் கதி என்று வாதாடலாம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. கோலாவில் மாறியது மக்கள் நேசித்த அந்தப் பொருளேதான். சுவையைத் தவிர அந்தப் பாட்டிலுக்குள் வேறு என்ன இருக்கிறது? புல்லட்டில் மாறியது, ரசிகர்கள் பெருமையோடு சகித்துக்கொண்ட சிரமம். நேசிப்பதையும் சகிப்பதையும் ரசிகனால் பிரித்துச் சொல்ல முடியாது, அவனுக்கு இரண்டும் ஒன்றாகவே கலந்திருக்கும். பிரித்தறிவது தொழில் நடத்துபவரின் வேலை. கருத்துக்கணிப்புப் படிவத்தால் இதைக் கண்டுபிடிக்க முடியாது என்பதால்தான் இத்தனை நிறுவனங்கள் இதில் தடுக்கி விழுகின்றன.

சிரமம் நீங்கியதும் அதே வாய்ச்சொல்லின் விளைவு தலைகீழாக மாறியது. ரசிகர் முன்பு சொன்ன கதைகளைத்தான் இப்போதும் சொன்னார்: லடாக் பயணம், கர்துங் லா கணவாய், ராத்திரி முழுக்க ஓட்டியது. கேட்பவருக்கோ தயங்கக் காரணம் குறைந்துபோயிருந்தது. கிளாசிக் வாங்கப் பல மாதங்கள் காத்திருக்க வேண்டிய நிலை வந்தது. 2013-இல் ஒரகடத்தில் புது ஆலை திறந்தார்கள். 2014-இல் நிறுவனம் 3 லட்சத்துக்கும் மேல் விற்று, உலக அளவில் ஹார்லி டேவிட்சனின் எண்ணிக்கையைத் தாண்டியது. டிவிஎஸ் விக்டருக்கு சச்சினும், ஹீரோ ஹோண்டாவுக்கு ஹிருத்திக் ரோஷனும் வந்த காலத்தில், புல்லட் எந்த நட்சத்திரத்தையும் முன்னிறுத்தி வளரவில்லை. கோவாவில் கூடிய ரைடர் மேனியா என்ற ரசிகர் திருவிழாவும் இமயமலைப் பயணங்களும்தான் அதன் விளம்பரப் பலகைகள்.

ரசிகனின் சொல்லுக்கு இருக்கும் உண்மையான வலு 2017-இல் ஒரு கேலியின்போது வெளிப்பட்டது. பஜாஜ் தன் டாமினார் வண்டிக்கு விளம்பரம் எடுத்தது. அதில் கனத்த புல்லட்காரர்கள் யானைமேல் உட்கார்ந்து மெதுவாக ஊர்ந்து போவார்கள். டாமினார் சீறிப் பறக்கும். யானையைக் கட்டித் தீனி போடாதே என்பதுதான் சாரம். விலையும் வேகமும் வசதியும் வைத்துப் பார்த்தால் வாதத்தில் நியாயம் இருக்கத்தான் செய்தது. ஆனாலும் புல்லட் விற்பனை அசையவில்லை. டாமினார் எதிர்பார்த்த உயரத்தைத் தொடவில்லை. ஒருவன் மறைக்கிற குறையைத்தான் எதிராளி அம்பலப்படுத்த முடியும். கனம், மெதுவோட்டம், அதிர்வு எல்லாவற்றையும் புல்லட்காரர்கள் ஏற்கெனவே ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள், அதுவும் சிரித்துக்கொண்டே. குறையை முதலில் ஒப்புக்கொண்டவன் அடுத்துச் சொல்லும் நிறை நம்பப்படுகிறது. ஷோரூம் பையனுக்கு அந்தச் சலுகை இல்லை. அவன் குறை சொன்னால் வேலை போய்விடும். 2016-இல் ராயல் என்ஃபீல்டு கொண்டுவந்த ஹிமாலயனின் முதல் தொகுதி வண்டிகளில் குறைகள் கிளம்பியபோதும் முதலில் சத்தம் போட்டவர்கள் ரசிகர்கள்தான். நிறுவனத்துக்கு அது தலைவலி. ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டவருக்கு, இவர்கள் எதையும் மூடி மறைப்பவர்கள் இல்லை என்ற எண்ணம் வந்திருக்கும்.

இதெல்லாம் வென்றவன் கதையைப் பின்னோக்கிச் சொல்வது என்று ஒருவர் மறுக்கலாம். 2000-க்குப் பிறகு தகவல் தொழில்நுட்ப வேலைகளால் இளைஞர் கையில் பணம் புரண்டது, தங்க நாற்கரச் சாலை வந்தது, 350 சிசி வகுப்பில் போட்டியே இல்லை. இதில் ரசிகன் எங்கே வந்தான் என்று கேட்கலாம். பணமும் சாலையும் இல்லாமல் எந்த வாய்ச்சொல்லும் ஒரு புல்லட்டைக்கூட விற்றிருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பணமும் சாலையும் எல்லா வண்டிக்கும் பொது. 2018-இல் ஜாவாவும் 2022-இல் யெஸ்டியும் திரும்பி வந்தபோது பழைய தோற்றம், பழைய பெயர், பழைய ரசிகர்கள், காசுள்ள வாடிக்கையாளர் எல்லாமே தயாராக இருந்தன. ஜாவாவுக்கு முன்பதிவும் குவிந்தது. வண்டி கைக்கு வரப் பல மாதங்கள் ஆயின. அந்தக் காத்திருப்பே பேச்சானது. இன்றுவரை அவற்றின் விற்பனை புல்லட் குடும்பத்தின் விற்பனையில் ஒரு சிறு பங்கைத் தாண்டவில்லை. போட்டியும் இப்போது இல்லாமலில்லை. ஹோண்டா சிபி 350, பஜாஜ் செய்யும் டிரையம்ஃப் 400, ஹீரோ செய்யும் ஹார்லி எக்ஸ் 440 என்று வரிசையாக வந்துவிட்டன. வகுப்பின் பெரும்பங்கு இன்னும் சென்னையில் செய்யும் ராயல் என்ஃபீல்டிடம்தான்.

இதைவிடக் கனமான மறுப்பு ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறது. ஆண்ட்ரூ எரன்பெர்க்கின் பல்லாண்டு ஆய்வுகளைத் தொடர்ந்து அங்குள்ள சந்தைப்படுத்தல் ஆய்வாளர் பைரன் ஷார்ப் 2010-இல் ஒரு நூல் எழுதினார். தீவிர ரசிகர்களால் எந்தப் பிராண்டும் வளர்வதில்லை. எப்போதோ ஒருமுறை வாங்கும் பெரும் கூட்டத்தால்தான் வளர்கிறது என்பது அவர் கட்சி. சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் அவர் சொல்வதை மறுக்க எனக்கு வழியில்லை. புல்லட் கதையும் ஒரு வகையில் அவர் பக்கமே பேசுகிறது: வளர்ச்சி பழைய ரசிகர்கள் மறுபடி வாங்கியதால் வரவில்லை. புல்லட் வைத்திருப்பவர் பத்தாண்டில் இன்னொன்று வாங்கினால் பெரிது. ஆனால் சில ஆயிரம் ரூபாய் பொருளல்ல இது. சம்பளத்தில் பல மாதங்களை விழுங்குவது, தப்பாகப் போனால் வருத்தம் நீள்வது. அப்படிப்பட்ட பொருளை முதன்முறை வாங்குகிறவருக்குத் தேவை தைரியம். அதைக் கொடுக்கத் தெருவில் ஒரு புல்லட்காரர் இருந்தால் போதும். அவர் இன்னொன்று வாங்க வேண்டியதில்லை. 2003-இல் மேலாண்மை ஆலோசகர் ஃபிரெட்ரிக் ரைகல்டு பரப்பிய 'நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா, பூஜ்யம் முதல் பத்துக்குள் மதிப்பெண் கொடுங்கள்' என்ற கேள்வி இன்று டெலிவரிப் பையன் முதல் வங்கி வரை எல்லோர் வாயிலும் வருகிறது. பரிந்துரைப்பேன் என்று தொலைபேசியை வைக்கும் அவசரத்தில் பத்து போடுவதற்கும், உண்மையிலேயே ஒரு நண்பனைக் கூட்டிக்கொண்டு ஷோரூமுக்குப் போவதற்கும் உள்ள தூரத்தை அந்த மதிப்பெண் அளப்பதில்லை.

அந்தத் தூரத்தைப் பணத்தால் கடந்துவிடலாம் என்று நினைப்பதுதான் இன்றைய பெரிய வியாபாரம். இன்ஸ்டாகிராமில் லட்சம் பேர் பின்தொடரும் ஒருவருக்குக் காசு கொடுத்தால் அவர் ரசிகராகிவிடுகிறார். இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021 ஜூனிலிருந்து, காசு வாங்கிப் பேசினால் அது விளம்பரம் என்று அடையாளம் போட்டே ஆக வேண்டும் என்றது. சொந்தக்காரரையும் பள்ளித் தோழரையும் விற்பனையாளராக்கிய நேரடி விற்பனை நிறுவனங்களுக்கு மத்திய அரசு 2021 டிசம்பரில் தனி விதி வகுத்தது. பிரமிடுத் திட்டங்களுக்கு அதில் தடை. அந்த வலையில் மாட்டிய குடும்பங்களில், மாமா சாப்பிட வருகிறார் என்றால் பையில் என்ன சோப்பு கொண்டுவருகிறாரோ என்று பயந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். காசு கைமாறிய கணத்தில் பேசுபவர் குறை சொல்லும் உரிமையை இழக்கிறார். குறை சொல்லாதவர் பேச்சு விளம்பரப் பலகையைவிடக் கேவலம், ஏனென்றால் பலகை நண்பன் வேடம் போடுவதில்லை.

ரசிகர் கூட்டத்தை வளர்ப்பதில் உலகுக்கே ஆசானாக இருந்தது ஹார்லி. 1981-இல் 13 நிர்வாகிகள் நிறுவனத்தை வாங்கினார்கள், 1983-இல் உரிமையாளர் சங்கம் தொடங்கினார்கள். அதில் லட்சக்கணக்கானோர் சேர்ந்தார்கள். 2006-இல் சுமார் 3.5 லட்சம் வண்டி விற்றது. அதன்பின் அந்த உச்சம் திரும்பவில்லை. ரசிகர்களின் அன்பு குறைந்ததாகத் தெரியவில்லை, அவர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்கள் பேச்சு அவர்கள் வயதுக்காரர்களிடமே சுற்றிக்கொண்டிருந்தது. நிறுவனமும் அவர்கள் கேட்டதையே, இன்னும் பெரிதாக, இன்னும் கனமாக, இன்னும் விலையுயர்ந்ததாகச் செய்து கொடுத்தது. 2020 செப்டம்பரில் ஹார்லி இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. ரசிகன் வாயை நம்பலாம், அவன் விருப்பப் பட்டியலை நம்பக்கூடாது என்று ராயல் என்ஃபீல்டின் ஊரான திருவொற்றியூர் 2000-க்குப் பிந்தைய முதல் பத்தாண்டில் கற்றதை ஹார்லியின் ஊரான மில்வாக்கி கற்கவில்லை.

திருவொற்றியூருக்கு இனி அந்தச் சோதனை வேறு ரூபத்தில் வருகிறது. 2024–25 நிதியாண்டில் விற்பனை 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது. தெருவுக்கு நான்கு புல்லட் நிற்கும்போது, எதிரே வரும் புல்லட்காரருக்குக் கையசைக்கும் பழக்கம் நகரத்தில் தேய்வது இயல்பு. பயணங்களையும் சட்டைகளையும் நிறுவனமே ஏற்பாடு செய்து விற்கும்போது, கேட்பவருக்கு இவர் பேசுவது சொந்தப் பேச்சா கம்பெனிப் பேச்சா என்ற சந்தேகம் லேசாக எட்டிப் பார்க்கும். 2024 நவம்பரில் மிலான் கண்காட்சியில் 'ஃபிளையிங் ஃப்ளீ' என்ற மின்சார வண்டியைக் காட்டினார்கள். இரண்டாம் உலகப் போரில் பாராசூட்டில் இறக்கிய என்ஃபீல்டின் குட்டி வண்டியின் பெயர் அது. ஆயில் கசியாது, சத்தம் வராது, உதைக்க வேண்டியதில்லை. பழைய ரசிகர் அதை வாங்க மாட்டார்; அவரைச் சமாதானப்படுத்த நிறுவனம் ஸ்பீக்கரில் போலிச் சத்தம் வைக்க ஆசைப்பட்டால் அங்கேதான் சறுக்கும். அதை வாங்கப்போவது புல்லட்டில் ஏறியே இராத ஒருவர். சார்ஜ் எங்கே கிடைத்தது, மழையில் என்ன ஆனது, பேட்டரி எத்தனை கிலோமீட்டரில் கைவிட்டது என்று அவர் குறை சொல்லத் தொடங்கும்வரை, அதைப் பற்றி நம்பத்தக்க பேச்சு என்று ஒன்று ஊரில் உருவாகாது.